சாக்கு போட்ட பலகை

அத்தியாயம் 11

ரவுண்டானாப் பலகையை மூடியிருந்த அந்தச் சாக்கு மட்டும் அவிழ்ந்திருந்தால் இப்திஸாம் இன்று தன் காலில் நடந்துகொண்டிருப்பாள். ஐன் தல்ஹாவில் இது மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று நஜாத் நினைத்திருந்தாள்: அவளுக்கு, அம்மாவுக்கு, சாக்கை அவிழ்க்க மறந்த தொழிலாளி மிலூதுக்கு.

இன்று வியாழக்கிழமை. பத்தரை மணிக்கு மாகாணத்திலிருந்து விசாரணைக் குழு வருகிறது. அதற்குள் வாயைத் திறப்பதா மூடுவதா என்று அவள் முடிவு செய்தாக வேண்டும்.

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நடந்தது அது. நெடுஞ்சாலைச் சந்திப்பில் அன்றுதான் திறந்த வடக்கு ரவுண்டானாவில், அப்பா பூஷைபின் டிரைவிங் ஸ்கூல் காரை ஒரு பால் லாரி இடித்தது. ஸ்டியரிங்கில் இருந்தவள் தம்பி ஜவாதின் மனைவி இப்திஸாம். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே பஸ் போகாது. அடுத்த செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் பரீட்சை.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அப்பாவுக்கு நெற்றியில் நாலு தையல். லாரி வந்தது இடப்பக்கம். இப்திஸாம் இருந்ததும் இடப்பக்கம்; இந்த ஊர்க் கார்களில் ஸ்டியரிங் அங்கேதான். அவளுக்கு முதுகெலும்பு. வீக்கம் வடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார் டாக்டர். பாதத்தில் ஊசியால் குத்தினார்கள். அவளுக்கு உறைக்கவில்லை.

சமையலறையில் அம்மா ஹனியா வாணலியில் ஹர்ஷா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். ரவை மாவு நன்றாகச் சிவந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"உனக்கு வேற ஆபீஸ் கிடைக்கும் நஜாத். அவருக்கு வேற பேரு கிடைக்குமா?"

"எனக்கும் ஒரே பேருதான்மா."

"உன் பேரு வீட்டுக்குள்ள இருக்கு. அவர் பேரு போர்டுல இருக்கு. முப்பத்தொரு வருஷமா அந்த போர்டு பஜார்ல தொங்குது. ரவுண்டானாப் பலகை திறந்திருந்துச்சுன்னு சொன்னா, தப்பு அவரோடதுன்னு ஆயிடும். இந்த வயசுல அவரைக் கோர்ட்டு வாசல்ல நிக்க வைப்பியா?"

"உண்மையச் சொன்னா நான் நிக்கணும்."

"உனக்கு முழங்கால் வலி கிடையாது," என்றாள் அம்மா.

நஜாதுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

ரவுண்டானா வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரே விதிதான். பலகை இல்லாத இடத்தில், வலப்பக்கமிருந்து வருகிறவனுக்கு மற்றவன் நின்று வழிவிட வேண்டும். எங்கள் பேச்சில் வலப்பக்கத்துக்கும் சத்தியத்துக்கும் ஒரே சொல்: யமீன். அப்பா முதல் வகுப்பிலேயே மேஜையைத் தட்டிச் சொல்வார், "யமீன்னா யமீன்!" வலப்பக்க வழி என்பது சத்தியம் மாதிரி, யாரும் மீறக் கூடாது என்று அர்த்தம். ஊரில் பாதிப் பேர் அவரை ஸி யமீன், அதாவது யமீன் ஐயா, என்றே கூப்பிடுவார்கள். மறுபாதிப் பேருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

நஜாத் கொண்டுவந்த ரவுண்டானா அந்த விதியைப் புரட்டிப் போட்டது. உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவனுக்கே முதல் வழி. வலப்பக்கமிருந்து நுழைகிறவன் நின்று காத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு நுழைவாயிலிலும் தலைகீழ் முக்கோணப் பலகை.

அவள் வீம்புக்குக் கொண்டுவரவில்லை. முப்பது வருஷத்துப் பழைய சந்திப்பு அது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற வண்டி, மாகாணச் சாலையைக் குறுக்கே வெட்டித்தான் ஊருக்குள் வர முடியும். வருஷத்துக்கு நாலைந்து பேர் அங்கே உயிரை விடுவார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு ரவுண்டானா போட்டால் குறுக்கே வெட்டவே வேண்டியதில்லை. சாலைத்துறை அலுவலகத்தில் நாலு வருஷம் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நஜாத்.

"என் மக ஊரையே தலைகீழா மாட்டி வச்சிருக்கா," என்று அப்பா காப்பிக் கடையில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

போன வெள்ளிக்கிழமை குஸ்குஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது கூட, நஜாத் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, சுற்றிலும் ஆலிவ் காய்களை நகர்த்தி, ரவுண்டானாவில் எப்படி நுழைவது என்று இப்திஸாமுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கையை நீட்டி, நுழையக் காத்திருந்த ஆலிவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுது உன் ரவுண்டானா," என்றார். "என் வண்டியில என் விதிதான், புரியுதா மருமகளே?"

இப்திஸாம் தலையாட்டினாள். யாருக்குத் தலையாட்டினாள் என்று அப்போது யாரும் கவனிக்கவில்லை.

இப்போது அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் டை, நெற்றியில் பட்டை.

"ஹர்ஷா கருகுது. இந்த வீட்டுல யாரும் எதையும் பாக்கறதில்ல."

அம்மா அவசரமாக வாணலியை இறக்கினாள்.

"இன்ஜினியரம்மா, இன்னிக்கு உன் வட்டத்துல என்னை எத்தனை சுத்து விடப் போறாங்க?"

"நான் டெக்னீஷியன் பா."

"சம்பளத்துக்கு டெக்னீஷியன். திமிருக்கு இன்ஜினியர்."

"பா, அவங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பலகைய நீங்க பாக்கலன்னா, பாக்கலன்னு சொல்லுங்க. அது போதும்."

அப்பா கண்ணாடிக் குவளையில் தேநீரை ஊற்றிக்கொண்டார். உயரத் தூக்கி ஊற்றுகிற வழக்கம் அவருக்கு. இன்று பாதி தட்டில் விழுந்தது.

"எனக்கு நீ பதில் சொல்லிக் குடுக்கறியா?" என்றார்.

*

அலுவலகத்தில் தலைமைப் பொறியாளர் ஸி துஹாமி கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அவர் கதவைச் சாத்தினால் நல்ல செய்தியாக இருந்ததில்லை.

மேஜையில் ஒரே ஒரு தாள். திங்கட்கிழமை திறப்புத் தாள். 'பலகைகள் ஏழு. ஏழும் மூடி நீக்கப்பட்டன. நேரம் 7.30.' கீழே நஜாதின் கையெழுத்து.

புதன்கிழமை திறப்பதாக இருந்த ரவுண்டானா அது; அதுவரை பலகைகளைச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். ஞாயிறு மத்தியானம் ஸி துஹாமி போன் செய்தார்: மறுநாள் ஒன்பது மணிக்கு ஒரு பெரிய மனிதரின் கார்கள் அந்த வழியாகப் போகின்றன, எட்டு மணிக்கே திறந்துவிடு. திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து நஜாத் தெற்கு ரவுண்டானாவில் ஜல்லியைப் பெருக்க வைத்துக்கொண்டிருந்தாள். மிலூத் பிக்கப்பில் வந்து, "எல்லாச் சாக்கும் அவிழ்த்தாச்சு லல்லா," என்றான். அவள் பாலத்தைத் தாண்டி வடக்கே போய்ப் பார்க்கவில்லை. காரின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

விபத்து என்று கேள்விப்பட்டு ஓடியபோது, யாரோ ஒரு புண்ணியவான் பலகை மேலிருந்து சாக்கைப் பிய்த்து எடுத்து இப்திஸாமின் தலைக்குக் கீழே மடித்து வைத்திருந்தான். வெள்ளைச் சர்க்கரைச் சாக்கு. ஓரத்தில் நஜாதே சுற்றிய பழுப்பு டேப். அந்த நிமிஷத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிக்கப்பின் பின்னால் ஆறு சாக்குகள்தான் இருந்தன.

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல," என்றார் ஸி துஹாமி. "தாள் ஏற்கெனவே பேசிடுச்சு. நீ தாளை விட அதிகமா பேசாதே. அவ்வளவுதான்."

"தாள் பொய் சொல்லுதே ஸி துஹாமி."

"தாள் எப்படிம்மா பொய் சொல்லும்? அதுக்கு வாய் இருக்கா?" அவர் சிரிக்கப் பார்த்தார். "பாரு, அந்தப் பொண்ணுக்கு அல்லாஹ் சுகம் குடுக்கட்டும். ஆனா நீ பேசினா அவ கால் வந்துடுமா? உன் வேலை போகும். ரெண்டு ரவுண்டானாவையும் இடிச்சிட்டுப் பழையபடி போடுங்கன்னு நாளைக்கே நாலு பேர் கிளம்புவாங்க. நாலு வருஷம் அலைஞ்சது அதுக்கா?"

"அப்பாவோட கதி?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "எனக்கும் அவர்தான் ஓட்டக் கத்துக்குடுத்தார். வல்லாஹி, இன்னிக்கும் வலப்பக்கம் ஒரு கழுதை வந்தா கூட என் கால் தானா பிரேக்குக்குப் போகுது. நல்ல மனுஷன். ஆனா எப்படியும் ரிட்டயர் ஆக வேண்டிய வயசு, இல்லையா?"

நஜாத் எழுந்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று அவர் கேட்கவில்லை. ஒளிரும் பட்டை போட்ட மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, முடிவு அவளுக்குள் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. அது அப்பா மேல் இருந்த பாசமா, 'ரிட்டயர்' என்ற ஒரு சொல் மேல் வந்த கோபமா என்று அவளுக்கே தெரியாது.

*

வடக்கு ரவுண்டானாவில் போலீஸ் ஒரு பாதியை மறித்திருந்தது. மறுபாதியில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றின. தார் இன்னும் புதுக் கறுப்பு. அதன்மேல் கண்ணாடித் தூளை யாரோ பெருக்கி ஓரமாகக் குவித்திருந்தார்கள்.

குழுத் தலைவர் ஸி வஸானி குட்டையான மனிதர். வெயிலுக்கு ஒரு வைக்கோல் தொப்பி. பக்கத்தில் எழுதுகிறவர் ஒருவர், ஸ்டேஷன் அதிகாரி, ஸி துஹாமி. எதிரில், சத்தியம் செய்து முடித்த அப்பா. சற்றுத் தள்ளி ஜவாத். மூன்று நாளாக ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தவன். சட்டையை மாற்றவில்லை, முகம் மழிக்கவில்லை.

நஜாத் அவன் அருகே போனாள். "எப்படி இருக்கா?"

"தூங்கறா. ஊசி போட்டுத் தூங்க வைக்கறாங்க." பிறகு, "நேத்து அவ செருப்பை ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. எதுக்குக் குடுக்கறாங்க?" என்றான்.

அவள் அவன் தோளைத் தொட்டாள். அவன் விலகவில்லை. அப்போது அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

ஸி வஸானி நுழைவாயிலில் நின்ற முக்கோணப் பலகையைக் காட்டினார். இப்போது அது பளிச்சென்று, வெள்ளைக்குச் சிவப்பு விளிம்போடு, ஒன்றும் அறியாதது போல நின்றது.

"திங்கட்கிழமை காலைல இது திறந்திருந்துச்சுன்னு தாள் சொல்லுது. கையெழுத்து உங்களோடது. சரிதானே லல்லா நஜாத்?"

ஸி துஹாமி தன் ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி இல்ல," என்றாள் நஜாத். "இந்தப் பலகை மேல சாக்கு இருந்துச்சு. நான் வந்து பாக்கல. பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். விபத்து நடந்த பிறகுதான் யாரோ பிய்ச்சு எடுத்தாங்க. அந்தச் சாக்கை என் கண்ணால பாத்தேன்."

"எங்க பாத்தீங்க?"

"அவ தலைக்குக் கீழ."

ஜவாத் நிமிர்ந்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

எழுதுகிறவர் எழுதி முடிக்கும்வரை ஒரு லாரி முழுசாக ஒரு சுற்றுச் சுற்றியது.

ஸி வஸானி தொப்பியைச் சரி செய்துகொண்டார். அவர் குரல் இளகியிருந்தது. "அப்படின்னா ஸி பூஷைப், உங்க விஷயம் சுலபம். மூடின பலகை சட்டத்துக்குப் பலகையே இல்ல. பலகை இல்லாத இடத்துல வலப்பக்கத்துக்குத்தான் வழி. நீங்க யமீன் போட்டிருக்கீங்க, அதனால ஒரு வார்த்தை கேட்டுடறேன். இங்க வழிவிடணும்னு உங்களுக்குத் தெரியாது, பலகைய நீங்க பாக்கல. அப்படித்தானே?"

'ஆமாம்' என்று சொன்னால் போதும். நஜாத் அப்பாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டில் தொழுகை விரிப்பில் உட்கார்ந்திருப்பாள், இந்த ஒரு சொல்லுக்காக.

"பாத்தேன்," என்றார் அப்பா.

"எதை?"

"பலகைய. சாக்கோட பாத்தேன். நுனி கீழ இருக்கற முக்கோணம். அத எதுக்கு அந்த வடிவத்துல செய்யறாங்க? சேறு படிஞ்சாலும், முதுகுப் பக்கம் பாத்தாலும், ஓட்டறவனுக்கு அடையாளம் தெரியணும்னுதான். இத முப்பத்தொரு வருஷமா நான் சொல்லிக் குடுக்கறேன். இவருக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்று ஸ்டேஷன் அதிகாரியைக் காட்டினார். "அவருக்குச் சொல்லிக் குடுத்தேன்." ஸி துஹாமி இன்னும் ஷூவைத்தான் பார்த்தார். "ஒரு சர்க்கரைச் சாக்கைப் போட்டா எனக்குத் தெரியாம போயிடுமா?"

"பா..." என்றாள் நஜாத்.

"நீ பேசி முடிச்சிட்டே. இப்ப நான் பேசறேன்."

ஸி வஸானி பொறுமையாகக் கேட்டார். "சரி. ஆனா மூடியிருந்ததால அது செல்லாதுன்னு நினைச்சுப் போனீங்க. திறந்திருந்தா நின்னிருப்பீங்க. இல்லையா?"

அந்த மனிதர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். நஜாதுக்கு அது தெரிந்தது. அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

அப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"இல்ல," என்றார். "நின்னிருக்க மாட்டேன். வலப்பக்கம் என்னோடது. ஒரு தகரத்தைத் தலைகீழா மாட்டிட்டா அது மாறிடுமா? நேத்து வந்த வட்டத்துக்காக நான் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் பொய்யா? என் மக வந்து எனக்கு வழி சொல்லணுமா?"

"லாரி வர்றது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. அவன் நிக்கணும்."

"அவன் நிக்கல ஸி பூஷைப்."

"நிக்கணும்," என்றார் அப்பா மறுபடியும். இந்த முறை குரல் கொஞ்சம் கம்மியது.

ஸி வஸானி எழுதுகிறவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "ஓட்டின பொண்ணு? அவங்க நேரா உள்ள போயிட்டாங்களா?"

லாரிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"பிரேக் போட்டா," என்றார் கடைசியில். "வெள்ளைக் கோட்டுல நிறுத்தினா. நான்தான் சொன்னேன். போ, நம்ம வழின்னு சொன்னேன். அவ மறுபடியும் என்னைப் பாத்தா. நான் மறுபடியும் சொன்னேன்."

"அவ நின்னாளா?"

கேட்டது ஜவாத். அவன் எப்போது அவ்வளவு பக்கத்தில் வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை.

"நின்னா," என்றார் அப்பா.

ஜவாத் அப்பாவைப் பார்த்தான். பிறகு நஜாதைப் பார்த்தான். மறியலைத் தாண்டி ஊர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தான். ஒரு கார் அவனுக்காக நின்று ஹாரன் அடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

*

பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நஜாதின் மேலங்கியையும் அலுவலகச் சாவியையும் ஸி துஹாமி வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்.

"பேசாம இருந்திருந்தா இதே பதிலை அவரே சொல்லியிருப்பார். உன் தாளும் பத்திரமா இருந்திருக்கும்," என்றார். அதை அவர் வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் பொறுக்க முடியவில்லை.

அப்பா பாலத்தின் நிழலில் தனியாக நின்றார். நஜாத் அவர் எதிரில் போய் நின்றாள்.

"யாரு உன்னைப் பேசச் சொன்னது?" என்றார் அவர்.

"உங்களுக்காகத்தான் பா."

"எனக்காகவா? பலகை எதுன்னு தெரியாம வண்டிய விட்ட கிழவன்னு ஊர் நடுவுல என்னை நிறுத்தப் பாத்தே. அதுக்குப் பேரு எனக்காகவா?"

"நின்னிருப்பேன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை பா."

"யமீன் போட்டுட்டு எப்படிச் சொல்வேன்?"

அப்பா சத்தியத்துக்குப் பயந்தாரா, தன் வலப்பக்கத்தை விட மனசு வரவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

"இப்திஸாம் நின்னான்னு மூணு நாளா எங்க யாருக்கும் நீங்க சொல்லலயே?"

"நீ சாக்கைப் பத்திச் சொன்னியா?"

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைக்கிறாரோ என்று பார்த்தாள். நெற்றிப் பட்டையின் ஓரத்தில் வழிந்த வியர்வையைத்தான் துடைத்தார்.

போன் அடித்தது. அம்மா.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"அல்ஹம்துலில்லாஹ். அவர் தப்பிச்சாரா?"

"இல்லம்மா."

"அப்ப நீ எதுக்குச் சொன்னே?" என்றாள் அம்மா.

*

ஜவாத் வீட்டுக்கும் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. நஜாத் அவனைப் போலீஸ் ஸ்டேஷனில் கண்டுபிடித்தாள். அதிகாரியும் அப்போதுதான் சந்திப்பிலிருந்து திரும்பியிருந்தார். ஜவாத் அவர் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். மேஜையில் புகார்த் தாள். முற்றத்தில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கூரையில் 'பூஷைப் டிரைவிங் ஸ்கூல்' என்று எழுதிய கார், இடப்பக்கம் கசங்கிப் போய் நின்றது.

"வீட்டு விஷயம் தம்பி," என்று அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு உன் வாப்பா எவ்வளவு செஞ்சிருக்கார்னு உனக்குத் தெரியாது. ரெண்டு தடவை ஃபெயில் ஆனேன். மூணாவது தடவை சும்மாவே சொல்லிக் குடுத்தார். பெரியவங்க நாலு பேரை வச்சுப் பேசிக்கலாமே?"

"பெரியவங்கதான் இதைச் செஞ்சாங்க," என்றான் ஜவாத்.

அதிகாரி நஜாதைப் பார்த்து, நீயாவது சொல்லேன் என்பது போலக் கையை விரித்தார்.

"ஜவாத்," என்றாள் அவள். "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். அவ முழிக்கும்போது நீ அங்க இருக்கணும்."

"முழிச்சா என்ன சொல்லணும்? நீ செஞ்சது சரிதான் கண்ணு, நீ நின்னது சரிதான், சுத்தி இருந்த நாங்க எல்லாரும்தான் தப்புன்னு சொல்லட்டுமா?" அவன் குரலை உயர்த்தவே இல்லை. "மூணு நாள் என் பக்கத்துல உக்காந்து சூப் குடிக்க வச்சியே. அப்பல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் அந்தப் பால்காரனைத் திட்டிட்டிருந்தேன். அவன் அம்மாவைக் கூட விடல. நீ கேட்டுட்டுத்தானே இருந்தே?"

அவள் தலை குனிந்தாள்.

ஜவாத் பேனாவை எடுத்தான். 'யார் மீது' என்று அச்சடித்த இடத்தில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. அதில் அப்பாவின் முழுப் பெயரை, தாத்தா பெயரோடு, அழகான எழுத்தில் எழுதினான். கோடு நிறைந்துவிட்டது.

"இன்னொரு தாள் குடுங்க," என்றான் அதிகாரியிடம்.

அதிகாரி அசையவில்லை. ஜவாதே எட்டி ஒரு தாளை எடுத்துக்கொண்டான். பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்கும்போது பார்ப்பானே, அதே பார்வை.

"உன் பேரை எப்படி எழுதணும்? ஆபீஸ்ல எழுதற மாதிரியா, வீட்டுல கூப்பிடற மாதிரியா?"

நஜாத் கைப்பையைத் திறந்தாள். அடையாள அட்டையை எடுத்து மேஜை மேல், அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல இருக்கற மாதிரி எழுது. தப்பில்லாம எழுது," என்றாள்.

அவன் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினான். எண்ணையும் எழுதினான். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்தபோது அவன் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. அவன் ஒலிபெருக்கியில் போட்டான். மறு கையில் பேனா இருந்தது.

"ஸி ஜவாதா? நர்ஸ் பேசறேன். உங்க மனைவி கண்ணு முழிச்சிட்டாங்க. தெளிவாப் பேசறாங்க."

நஜாத் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி மெதுவாக, "அல்லாஹு அக்பர்," என்றார்.

"இதோ வந்துட்டேன்," என்றான் ஜவாத். அவன் குரல் மூன்று நாளில் முதல் தடவையாக உடைந்தது. "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லுங்க அவகிட்ட."

நர்ஸ் தயங்கினாள். "அது வந்து... அவங்க உங்களை இப்ப வர வேண்டாங்கறாங்க. மாமனாரை வரச் சொல்றாங்க. அவரை மட்டும். தனியா."

"எதுக்கு?"

"கேட்டேன். அவர்கிட்டதான் சொல்வேங்கறாங்க."

போன் அணைந்தது. அறையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு தாள்களும் மின்விசிறிக் காற்றில் மெல்லத் தூக்கித் தூக்கி விழுந்தன.

"இப்ப போடாதே தம்பி," என்றார் அதிகாரி. "அவ என்ன சொல்றான்னு கேட்டுட்டு வந்து போடு."

ஜவாத் முதல் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டான். இரண்டாவது தாளிலும் போட்டான். அதன் பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தான்.